ஃப்ளைட் சிமுலேட்டர்: பயிற்சியா, வெறும் கேமா? லேப்டாப் பைலட்டுகள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

2025 ஜூன் 12. அகமதாபாத்தில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171 விமானம், மேலெழும்பிய சில நொடிகளிலேயே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 241 பேர், தரையில் இருந்த 19 பேர் என 260 உயிர்கள் போயின.

அடுத்த சில நாள்களில் நம் போன்களில் அதே விமானம் திரும்பத் திரும்பப் பறந்தது. அதே போயிங் 787, அதே ரன்வே, அதே வெயில். எல்லாம் ஃப்ளைட் சிமுலேட்டரில் உருவாக்கிய வீடியோக்கள். "ஃப்ளாப்ஸ் போட மறந்துட்டாங்க. நான் சிமுலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், அப்படியே விழுது பாருங்க" என்கிற ரீதியில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். பார்த்தவர்களில் பலரும் அதை நம்பி, வாட்ஸ்அப் குரூப்களில் தள்ளிவிட்டார்கள்.

ஜூலையில் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வந்தது. ஃப்ளாப்ஸ் லிவர், டேக்-ஆஃபுக்கு இருக்க வேண்டிய 5 டிகிரி நிலையில்தான் கண்டெடுக்கப்பட்டது. இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து 'கட்-ஆஃப்' நிலைக்குப் போயிருந்தன. ஏன் அப்படி ஆனது என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால், லட்சக்கணக்கானவர்கள் பார்த்த அந்த 'ஃப்ளாப்ஸ் தியரி' அடிபட்டுப்போனது.

அந்த வீடியோக்களில் கிராஃபிக்ஸ் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஃப்ளாப்ஸ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் சிமுலேட்டர் 'ஃப்ளாப்ஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்பதை மட்டும்தான் காட்டும். அன்று ஃப்ளாப்ஸ் இருந்ததா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நாம் கேட்ட கேள்வியே தப்பு என்று அது எப்போதும் சொல்லாது.

வீட்டில் இருக்கும் ஃப்ளைட் சிமுலேட்டர் பயிற்சிக் கருவியா, இல்லை வெறும் கேமா? கேமிங் ரசிகர்களும் பைலட்டுகளும் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை இது. இப்போது அது பொழுதுபோக்குச் சண்டையாக மட்டும் இல்லை. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களையும், இண்டிகோ 500 விமானங்களையும் ஆர்டர் செய்த பிறகு, பைலட் ஆகலாம் என்று கணக்குப் போடும் பிள்ளைகள் நம் ஊரிலும் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் காக்பிட், லேப்டாப் திரையோ போன் திரையோதான்.

பொம்மையாக விற்ற பயிற்சிக் கருவி!

இந்தச் சண்டைக்கு வயது கிட்டத்தட்ட நூறு.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள பிங்காம்டன் நகரில், ஆர்கன் இசைக்கருவிகள் செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். அவருக்கு விமானம் ஓட்ட ஆசை. ஆனால், பயிற்சிக் கட்டணம் எக்கச்சக்கம். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே, இடம் வலமாகச் சாயும், மூக்கைத் தூக்கி இறக்கும் குட்டி விமானம் ஒன்றை 1929-இல் செய்து முடித்தார். இறக்கை முளைத்த மரப்பெட்டி மாதிரி இருக்கும் அது.

பயிற்சிப் பள்ளிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியது யார் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்கள்! காசு போட்டால் ஆடும் குதிரை பொம்மை போல, காசு போட்டால் 'பறக்கும்' விமானம்.

1934-இல் நிலைமை தலைகீழானது. அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு திடீரென்று ஒப்படைக்கப்பட்டது. மேகத்துக்குள்ளும் இரவிலும் கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் பழக்கம் அந்த பைலட்டுகளுக்குப் போதவில்லை. சில வாரங்களிலேயே பலர் விபத்துகளில் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம், பூங்காவில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள், நேச நாடுகளின் லட்சக்கணக்கான பைலட்டுகள் லிங்க் ட்ரெய்னரில் பயிற்சி எடுத்துவிட்டார்கள்.

பெட்டியின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. பூங்காவில் அதில் உட்கார்ந்தவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ராணுவத்தில், பக்கத்து மேஜையில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து, மாணவர் போகும் பாதையை வரைபடத்தில் குறித்து, எங்கே வழி தவறினார் என்று காட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அந்த 'அவ்வளவுதான்'தான் எல்லாமே.

ஒரே சாஃப்ட்வேர்... இங்கே கேம், அங்கே ட்ரெய்னிங்

இன்றைக்கு வருவோம். வீட்டு சிமுலேட்டர்களில் இரண்டு பெயர்கள் பிரபலம். ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். 1982-இல் முதல் பதிப்பு வந்தது. லாக்டௌன் காலமான 2020 ஆகஸ்ட்டில், செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் திரையில் கொண்டுவந்து மிரட்டியது. 2024 நவம்பரில் வந்த புதிய பதிப்பில் 'கரியர் மோட்' வேறு. கேமுக்குள்ளேயே தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, வேலைக்குப் போகலாம்.

இன்னொன்று, எக்ஸ்-பிளேன். இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு விசை கொடுக்கிறது என்று நொடிக்குப் பலமுறை கணக்குப் போடுவது அதன் தனித்தன்மை. மொபைலில் என்றால் இன்ஃபினிட் ஃப்ளைட், ஆர்.எஃப்.எஸ் மாதிரி ஆப்கள் இருக்கின்றன.

எக்ஸ்-பிளேன் இரண்டு விதமான உரிமத்தில் விற்கப்படுகிறது. வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, தொழில்முறைப் பயிற்சிக்கு ஒன்று. காற்றைக் கணக்குப் போடும் மூளை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால், தொழில்முறைப் பதிப்பு அங்கீகரிக்கப்பட்ட கன்ட்ரோல்களோடு சேர்ந்தால்தான், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ அதைப் பயிற்சிக் கருவியாக ஏற்கும். கன்ட்ரோல்கள் ஒழுங்காக இணைந்திருக்கிறதா, திரை திக்கித் திணறாமல் ஓடுகிறதா என்று அது சோதித்துப் பார்க்கும்.

இப்படி அங்கீகாரம் பெற்ற உயர்தர மேஜை சிமுலேட்டரில் எடுக்கும் பயிற்சியில் 20 மணி நேரம் வரை, 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' எனப்படும் தகுதிக்குத் தேவையான 40 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் அனுமதி உண்டு. ஒரு நிபந்தனை: அங்கீகரிக்கப்பட்ட இன்ஸ்ட்ரக்டர் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். அதே சாஃப்ட்வேரில் நீங்கள் வீட்டில் தனியாக ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும், லாக் புத்தகத்தில் ஏறுவது பூஜ்ஜியம்.

இந்த ஏணியின் உச்சியில் இருப்பது, ஏர்லைன்ஸ் நிறுவனங்கள் பயன்படுத்தும் 'ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர்'. ஆறு கால்கள் மேல் நின்று ஆடும் ராட்சதப் பெட்டி. உள்ளே அச்சு அசல் காக்பிட். இவற்றை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள். 'லெவல் டி' ஒன்றின் விலை பல பத்து கோடி ரூபாய். அனுபவமுள்ள ஒரு பைலட் புது ரக விமானத்துக்கு மாறும்போது, முழுப் பயிற்சியையும் லெவல் டி-யிலேயே முடிக்க முடியும். அந்த ரக நிஜ விமானத்தை அவர் முதன்முதலில் தொடுவதே, பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கும் விமானமாக இருக்கலாம். பக்கத்து சீட்டில் பயிற்சி கேப்டன் ஒருவர் இருப்பார்.

ஆக, 'திரையில் கத்துக்கிட்டு நிஜத்தில் ஓட்ட முடியுமா?' என்ற கேள்விக்கு விமானத் துறையே 'முடியும்' என்று பதில் சொல்லிவிட்டது. பிரச்னை, எந்தத் திரை, யார் பக்கத்தில் என்பதில்தான்.

வீட்டு சிமுலேட்டர் எதைக் கத்துக்கொடுக்கும்?

'அது கேம்தானே' என்று ஒதுக்குவதும் தப்பு.

1994-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். அந்நாட்டு விமானப் படையின் பயிற்சி மாணவர்களில் ஒரு பகுதியினரை 'ஸ்பேஸ் ஃபோர்ட்ரெஸ்' என்ற கம்ப்யூட்டர் கேமை 10 மணி நேரம் ஆடவைத்தார்கள். பிறகு நிஜ விமானத்தில் ஏற்றியபோது, கேம் ஆடாதவர்களைவிட அவர்கள் நன்றாக ஓட்டினார்கள். அந்த கேமில் விமானமே கிடையாது. ஒரு குட்டி விண்கலம், நடுவில் ஒரு கோட்டை, சில கோடுகள். பார்க்க ஆதிகாலத்து வீடியோ கேம் மாதிரி இருக்கும். ஆனால், ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைக் கவனித்து, எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று மூளையைப் பழக்கியது. அந்தப் பழக்கம் காக்பிட்டுக்கும் கூடவே வந்தது.

இதில் இருந்து தெரிவது என்ன? கிராஃபிக்ஸ் எவ்வளவு நிஜமாக இருக்கிறது என்பதைவிட, மூளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

அந்த வகையில் வீட்டு சிமுலேட்டர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. எந்த சுவிட்சுக்குப் பிறகு எந்த சுவிட்ச் என்கிற வரிசை. செக்லிஸ்ட்டை விடாமல் படிக்கும் பழக்கம். வேகம், உயரம், திசை காட்டும் கருவிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண் பழக்கம். ரேடியோ அலைகளைப் பின்தொடர்ந்து ரன்வேக்கு வருவது எப்படி என்ற கணக்கு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் புரியாத விஷயம், திரையில் நாலு தடவை செய்து பார்த்தால் 'ஓ, இதானா!' என்று புரிந்துவிடும். நிஜ விமானத்தில் அந்த 'ஓ'வுக்கு எரிபொருள் செலவாகும்.

அடுத்தது, ரேடியோ பேச்சு. 2001-இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில், உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் கன்ட்ரோலர்களாக உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் உங்கள் வீட்டு விமானத்தில் இருந்து அவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, அதன்படி ஓட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் திருத்துவார். இங்கிலீஷில் வேகமாகப் பேசத் தயங்கும் நம் ஊர் பிள்ளைகளுக்கு, காசில்லாமல் கிடைக்கும் நல்ல பழக்கம் இது. எதிர்முனையில் நிஜ மனுஷன் இருப்பதால்தான் இது வேலை செய்கிறது.

எதைக் கத்துக்கொடுக்காது?

முதலில், காது. ஆமாம், காதுதான்!

நம் உள்காதில் இருக்கும் திரவம்தான், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. மேகத்துக்குள் விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவம் அடங்கிவிடும். 'நேராகத்தான் போகிறோம்' என்று காது சத்தியம் செய்யும். விமானத்தை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்வது போல இருக்கும். அந்த உணர்வை நம்பித் திருத்தப்போனவர்கள் பலர் உயிரோடு இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன், 1999 ஜூலையில் இரவு நேரத்தில் கடல் மேல் விமானம் ஓட்டிச் சென்று விழுந்து இறந்ததற்கும், திசையுணர்வு குழம்பியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது.

வீட்டு நாற்காலி சாய்வதில்லை. காது பொய் சொல்வதில்லை. அதனால், பொய் சொல்லும் காதை நம்பாமல் கருவியை நம்பும் அந்தப் போராட்டம் வீட்டில் நடக்கவே நடக்காது. அந்த ராட்சத லெவல் டி பெட்டியாலும் இதை ஓரளவுக்குத்தான் ஏமாற்றிக் காட்ட முடியும்.

இரண்டாவது, கண். வீட்டில் பழகியவர்கள் நிஜ விமானத்தில் ஏறினால் கருவிகளையே முறைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது இன்ஸ்ட்ரக்டர்கள் அடிக்கடி சொல்லும் புகார். காரணம் சிம்பிள். திரையில் பக்கவாட்டுப் பார்வை கிடையாது. தெளிவாகத் தெரிவது மீட்டர்கள்தான். சின்ன விமானத்தில் ஆரம்பப் பயிற்சி எடுக்கும்போது, பெரும்பாலான நேரம் வெளியேதான் பார்க்க வேண்டும். எதிரே வரும் இன்னொரு விமானம் எந்த மீட்டரிலும் தெரியாமல் போகலாம்.

மூன்றாவது, கால். ஒற்றை இன்ஜின் செஸ்னா 172 டேக்-ஆஃப் ஆகும்போது, முன்னால் சுற்றும் புரொப்பெல்லர் காரணமாக மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது கால் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் பெடல் இல்லாதவர்களுக்காக கேமே அதைப் பார்த்துக்கொள்ளும். அதனால், கால் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிடும். இந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதற்கே நிஜப் பயிற்சியில் சில மணி நேரம் போகும். அந்த மணி நேரத்துக்கும் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கடைசியாக, 'எஸ்கேப்' பட்டன். லேண்டிங் சரியில்லையா? ரீஸ்டார்ட். பதினாறு முறை கோட்டைவிட்டு, பதினேழாவது முறை சரியாக இறக்கி, அதை ரீல்ஸாகப் போட்டால், பார்ப்பவருக்கு அந்தப் பதினாறும் தெரியாது. கொஞ்ச நாளில் போட்டவருக்கே மறந்துவிடும். நிஜத்தில் பைலட்டின் திறமை, சரியில்லாத லேண்டிங்கைச் சரிசெய்வதைவிட, 'இது தேறாது' என்று முன்கூட்டியே உணர்ந்து மறுபடி மேலே தூக்குவதில்தான் இருக்கிறது.

'எமர்ஜென்சின்னா நான் இறக்கிடுவேன் ப்ரோ!'

அமெரிக்காவில் 2023-இல் வெளியான யூகவ் கருத்துக்கணிப்பில், 'அவசரம் என்றால், கன்ட்ரோலர் உதவியோடு பயணிகள் விமானத்தைப் பத்திரமாக இறக்க முடியுமா?' என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதி ஆண்கள் முடியும் என்றார்கள்!

இந்தத் தைரியம் எங்கே இருந்து வருகிறது? நியூஸிலாந்து ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பைலட் விமானத்தை இறக்கும் வீடியோ ஒன்றைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். நாலு நிமிடம்கூட இல்லை, சத்தம் கிடையாது, பைலட்டின் கைகள் என்ன செய்கின்றன என்பதே தெரியாது. கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும், அதைப் பார்த்தவர்களுக்கு 'நானும் இறக்கிடுவேன்' என்ற நம்பிக்கை கூடிவிட்டது. வெறும் வீடியோவுக்கே இப்படியென்றால், ஜாய்ஸ்டிக் பிடித்தவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

2018 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் விமான நிலையத்தின் தரைப் பணியாளர் ஒருவர், காலியாக நின்ற க்யூ400 ரக விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனார். அவரிடம் பைலட் லைசென்ஸ் கிடையாது. வீடியோ கேம் ஆடியிருக்கிறேன் என்று கன்ட்ரோலரிடம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்து, குட்டிக்கரணம்கூட அடித்தார். கடைசியில் ஒரு தீவில் விமானம் விழுந்து இறந்துபோனார். கேம் மூலம் விமானத்தைக் கிளப்பும் அளவுக்குக் கற்க முடியும் என்பதற்கு இன்றும் பலர் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால், பைலட்டின் வேலை விமானத்தைக் கிளப்புவது இல்லை. எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதற்கு நேர்மாறான சம்பவம், 2022 மே 10-இல் ஃப்ளோரிடாவில் நடந்தது. சின்ன செஸ்னா விமானத்தின் பைலட் நடுவானில் உடம்பு முடியாமல் சாய்ந்துவிட, விமானம் ஓட்டிய அனுபவமே இல்லாத பயணி ஒருவர் கன்ட்ரோலைப் பிடித்தார். பாம் பீச் விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கியும்விட்டார். அவரைக் காப்பாற்றியது எது? ரேடியோவில் பேசிய கன்ட்ரோலர், தொழில்முறை ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டரும்கூட! அந்த ரக விமானத்தின் காக்பிட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஒருவர் கேம் ஆடியிருந்தார். இன்னொருவருக்கு, சரியான நேரத்தில் சொல்லித்தர ஆள் இருந்தார்.

பெரிய பெட்டியே தப்பாகச் சொல்லிக்கொடுத்தால்?

'அப்போ கோடி ரூபாய் சிமுலேட்டர்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா?' என்றால், அதுவும் இல்லை.

2001 நவம்பர் 12. நியூயார்க்கில் இருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், முன்னால் போன ஜம்போ விமானத்தின் காற்றுச் சுழலில் லேசாகக் குலுங்கியது. துணை விமானி, கால் பெடலை இரண்டு பக்கமும் மாறி மாறி முழு வேகத்தில் மிதித்தார். வாலில் இருந்த செங்குத்து இறக்கையே பிய்ந்துபோனது. விமானத்தில் இருந்த 260 பேரும், தரையில் 5 பேரும் இறந்தார்கள்.

அவர் ஏன் அப்படி மிதித்தார்? ரட்டர் வடிவமைப்போடு சேர்த்து, அந்த நிறுவனத்தின் பயிற்சி முறையையும் விசாரணை அமைப்பு குறிப்பிட்டது. காற்றுச் சுழல் என்றால் விமானம் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும் என்கிற மிகைப்படுத்தப்பட்ட எண்ணத்தை அந்த சிமுலேட்டர் பயிற்சி உண்டாக்கியிருக்கலாம் என்றது. உண்மையில் பெரிய விமானத்தில் அவ்வளவு மிதிக்கத் தேவையே இருக்கவில்லை. இதைத்தான் 'எதிர்மறைப் பயிற்சி' என்கிறார்கள். கற்காமல் இருப்பதைவிட ஆபத்தானது, தப்பாகக் கற்பது.

இன்னொரு பக்கம், சிமுலேட்டரே தேவையில்லை என்று முடிவெடுத்ததால் வந்த வினை. போயிங் 737 மேக்ஸ் விற்பனைக்கு வந்தபோது, 'பழைய 737 ஓட்டியவர்களுக்கு புதுசாக சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம், கம்ப்யூட்டர் பாடமே போதும்' என்பது பெரிய விளம்பரம். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு போயிங் எழுதியே கொடுத்திருந்தது. மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் எம்காஸ் என்ற அமைப்பு அந்த விமானத்தில் இருப்பதே பைலட்டுகளுக்குச் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். 346 உயிர்கள் போன பிறகு, 2020 ஜனவரியில் சிமுலேட்டர் பயிற்சியை போயிங்கே பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் இந்த விவாதம் வந்துவிட்டது. கோழிக்கோடு, லே, காத்மாண்டு போன்ற சவாலான விமான நிலையங்களுக்கான பயிற்சியில், அதற்குத் தகுதி பெறாத சிமுலேட்டர்களைப் பயன்படுத்தியதாக இண்டிகோவுக்கு 2025-இல் டி.ஜி.சி.ஏ அபராதம் விதித்தது. அந்த உத்தரவை எதிர்த்து முறையிடுவதாக நிறுவனம் சொன்னது. அவையெல்லாம் முழுமையான ஏர்லைன்ஸ் சிமுலேட்டர்கள்தான். ஆனாலும், 'இந்த ரன்வேக்கு இந்தப் பெட்டி சரியா?' என்று தனியாகக் கேட்கிறார்கள். அப்படியென்றால், நம் மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பிடம் எத்தனை கேள்விகள் கேட்க வேண்டும்!

பைலட் கனவா? இதை மனசில் வைங்க!

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக் கோடியைச் சுலபமாகத் தாண்டும். வீட்டை அடகு வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர் நம் ஊரில் இருக்கிறார்கள். எனவே, வீட்டு சிமுலேட்டரில் போடும் காசும் நேரமும் எதற்கு உதவும் என்பதில் தெளிவு வேண்டும்.

* ஜாய்ஸ்டிக், பெடல், மூன்று திரை என்று செட்-அப்பில் லட்சங்களைக் கொட்டும் முன், டி.ஜி.சி.ஏ மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் பிரச்னை இருப்பது போன்ற விஷயங்கள் அங்கேதான் தெரியவரும். கேமில் மெடிக்கல் டெஸ்ட்டில் ஃபெயில் ஆனவர் யாருமில்லை.

* பெரிய ஏர்பஸ்ஸை விட்டுவிட்டு செஸ்னா 172-இல் ஆரம்பியுங்கள். பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகளில் முதலில் கைக்கு வருவது அந்த மாதிரி சின்ன விமானம்தான்.

* பயிற்சிக்குச் சேரும் முன் கையாளும் பழக்கத்தை நீங்களாகவே உருவாக்கிக்கொள்ள வேண்டாம். செக்லிஸ்ட், கருவிகள், ரேடியோ நடைமுறை இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு, இன்ஸ்ட்ரக்டர் இன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை இரவு வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிமுலேட்டர் அதிகம் பயன்படுவது அப்போதுதான்.

* பாஸ், ரீஸ்டார்ட் இரண்டையும் தொடாதீர்கள். சொதப்பினால், சொதப்பலோடு முடியுங்கள். எங்கே சொதப்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

* முடிந்தால் வாட்சிம் மாதிரி இடங்களில் ஓட்டுங்கள். உங்களைத் திருத்த இன்னொரு மனுஷன் இருப்பது எந்த கிராஃபிக்ஸ் கார்டைவிடவும் மதிப்பு.

பைலட் ஆகும் எண்ணமே இல்லை, சும்மா சாயங்காலம் இமயமலை மேல் ஒரு ரவுண்டு போகிறேன் என்கிறீர்களா? தாராளமாகப் போங்கள். கேமாக ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. கேமை கேம் என்று தெரிந்து ஆடுகிறவரால் யாருக்கும் ஆபத்து இல்லை. 'எனக்குத் தெரியும்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த விபத்துக்குத் தீர்ப்பு எழுதும்போதுதான் சிக்கல். இறந்துபோன பைலட்டுகளின் வீட்டிலும் போன் இருக்கிறது. அந்த வீடியோக்கள் அங்கேயும் போகின்றன.

சரி, உங்கள் லேப்டாப்பில் இருப்பது பயிற்சியா, கேமா? சின்னதாக ஒரு டெஸ்ட். கடைசியாக நீங்கள் செய்த லேண்டிங்கில் என்ன தப்பு என்று உங்களைத் தவிர வேறு யாராவது சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் அது பயிற்சி. இல்லையென்றால், ஜாலியான கேம். ஹேப்பி லேண்டிங்!